நிறத்தின் அடர்த்தியும் சொல்லின் பொறுப்பும்

1

ஒரு நிறத்தை எவ்வளவு அடர்த்தியாக இடுவது என்பது கைத்திறன் பற்றிய கேள்வி என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஓவியப் பள்ளியில் முதல் வருஷம் கற்றுக்கொண்டு பிறகு யோசிக்காமல் செய்ய வேண்டிய சமாச்சாரம். ஆனால் கைத்திறன் பற்றிய கேள்விகளில் சில, சற்று உற்றுப் பார்த்தால், மனச்சாட்சி பற்றிய கேள்விகளாக மாறிவிடுகின்றன. யாப்பைக் கைவிடலாமா கூடாதா என்று புதுக்கவிதை குறித்து நடந்த சண்டை வெறும் யாப்புச் சண்டையாக இருக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். கணிப்பொறித் திரையில் சித்திரத்துக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள் தினமும் கையாளும் ஒரு சிறு எண்ணைப் பற்றி நான் எழுத வருவதும் இந்தக் காரணத்தால்தான்.

நான் வரைபவன் அல்ல. வரைபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவன். திரையில் தூரிகையைத் தேர்ந்தவுடன் அதன் அருகே ஒரு எண் வருகிறது. அதிகபட்சம் நூறு. அவர்கள் இதை ஒபாஸிட்டி என்கிறார்கள். பௌதிகப் பாடப்புத்தகம் ஒளிபுகாமை என்று சொல்லும். நூறில் வைத்தால் இடும் நிறம் அடியில் இருப்பதை முற்றாக மறைக்கும். முப்பதில் வைத்தால் அடியில் இருப்பது எழுபது பங்கு தெரியும். ஃபோட்டோஷாப்பில் 3 என்ற விசையைத் தட்டினால் முப்பது சதவிகிதம். 0 விசையைத் தட்டினால் நூறு. சுழியமே முழுமையைக் குறிக்கும் இந்த விநோதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. தட்டிவிட்டு வரையத் தொடங்குகிறார்கள்.

வரலாற்றில் இதற்கு முன் எந்த ஓவியனுக்கும் இப்படியொரு எண் தரப்பட்டதில்லை. நீர்வண்ணக்காரனுக்கு அடர்த்தி என்பது நீரின் அளவு, தாளின் உறிஞ்சும் குணம், அன்றைய வெயில், காயக் காத்திருக்கும் பொறுமை இவற்றின் கூட்டு. தைலவண்ணக்காரனுக்கு எண்ணெயின் பங்கு, நிறப்பொடியின் இயல்பு. அதாவது, தன் நிறம் எவ்வளவு மறைக்கும் என்பதை அவன் தனியே தீர்மானித்ததில்லை. பொருள்களோடு பேரம் பேசித் தீர்மானித்தான். இன்று முதன்முறையாக அது பேரம் இல்லாத தீர்மானம். ஒரு செயலிலிருந்து பேரம் மறைகிறபோது அங்கு பொறுப்பு கூடுகிறது என்பது என் எண்ணம். கூடவேண்டிய இடத்தில் அது குறைந்துபோவதாகப் பலருக்கும் ஏன் தோன்றுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2

முதலில் அந்த எண் என்ன செய்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. தார்மிகம் பேசுகிறவர்கள் இயந்திரத்தைப் பார்க்காமல் பேசுவது ஒரு பழைய நோய்.

திரையில் தூரிகைக் கோடு என்பது உண்மையில் கோடு அல்ல. அடுத்தடுத்து நெருக்கமாகக் குத்தப்படும் முத்திரைகளின் வரிசை. ஒவ்வொரு முத்திரையும் எவ்வளவு நிறம் விடவேண்டும் என்பதை ஃப்ளோ என்ற இன்னொரு எண் நிர்ணயிக்கிறது. ஒபாஸிட்டி நிர்ணயிப்பது வேறு: பேனாவை எடுக்காமல் வரையும் ஒரு முழு வீச்சு எட்டக்கூடிய உச்சவரம்பை. ஒபாஸிட்டியை முப்பதில் வைத்துவிட்டு, பேனாவை எடுக்காமல் ஒரே இடத்தில் எத்தனை முறை தேய்த்தாலும் முப்பதைத் தாண்டாது. பேனாவை எடுத்து மறுபடி வைத்தால்தான் அடர்த்தி கூடும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே மூச்சில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வதால் கூற்று வலுப்பெறுவதில்லை. நிறுத்தி, விலகி, மறுபடி சொல்ல வந்தால்தான் அது இரண்டாவது கூற்று ஆகிறது.

ஆனால் இரண்டாவது கூற்று எவ்வளவு சேர்க்கிறது? முப்பதும் முப்பதும் அறுபது ஆவதில்லை. முதல் வீச்சு முப்பது; எஞ்சிய எழுபதில்தான் இரண்டாவது வீச்சு முப்பது சதவிகிதம் எடுத்துக்கொள்ளும். ஆக ஐம்பத்தொன்று. மூன்றாவதில் அறுபத்தைந்தே முக்காலை ஒட்டிய அளவு. பத்து வீச்சுக்குப் பிறகும் தொண்ணூற்றேழு. கணக்கின்படி நூறு ஒருபோதும் வராது. பாதி நம்பிக்கையை எத்தனை முறை உச்சரித்தாலும் அது முழு நம்பிக்கை ஆகாது என்று இதை ஒரு நீதிவாக்கியமாக ஆக்கிவிடலாம். ஆனால் அதற்குள் அவசரம் வேண்டாம்.

நடைமுறையில் இன்னொன்றும் நடக்கிறது. சாதாரணமாக ஒரு நிறத்தின் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் இயந்திரம் 256 படிகளையே வைத்திருக்கிறது. கையின் அழுத்தத்தை இன்றைய மின்பேனாக்கள் பல 8192 படிகளாக உணர்கின்றன. கை உணர்வதில் பெரும்பகுதியை நிறம் ஏற்றுக்கொள்ள இடமில்லை. மிகக் குறைந்த சதவிகிதத்தில் பூசிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு சேர்க்கவேண்டியது ஒரு படியிலும் குறைவாகி, எதுவும் சேராமல் நின்றுவிடும். அழிப்பானும் அப்படியே. குறைந்த அடர்த்தியில் அழித்தால் அழிந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கறை மிஞ்சும். பின்னணியைக் கறுப்பாக்கிப் பார்க்கிற அன்றுதான் அது இருந்தது தெரியவரும்.

இன்னொரு விஷயம். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். திரையில் தூய நீலத்தின் மேல் தூய மஞ்சளை ஐம்பது சதவிகிதத்தில் இட்டுப் பாருங்கள். வருவது சாம்பல். பெருக்கல் முறையில் கலக்கச் சொன்னால் கறுப்பு. வண்ணப்பொடிகளில் பச்சை வருவதற்குக் காரணம், மஞ்சள் பொடியும் நீலப் பொடியும் இரண்டுமே கொஞ்சம் பச்சை ஒளியைத் திருப்பி அனுப்புவது. இரண்டுக்கும் பொதுவாக அந்தரங்கமாக ஒன்று இருந்தது. கலக்கும்போது அது வெளிப்பட்டது. எண்களிடம் அப்படி அந்தரங்கம் ஏதுமில்லை. இரண்டு எண்களின் சராசரியே கிடைக்கிறது. எதிரெதிரான இரண்டு கருத்துக்களைப் பாதிப்பாதியாகச் சேர்த்துச் சமநிலை என்று நம் பத்திரிகைகளில் வழங்கப்படுவது பல சமயம் இந்தச் சாம்பல்தான்.

3

சித்திரக்கார நண்பர் ஒருவர் ஒபாஸிட்டியை இருபதுக்கு மேல் ஏற்றுவதில்லை. ஏன் என்று கேட்டேன். “தப்பா விழுந்தாலும் பளிச்சுனு தெரியாது பாருங்க” என்றார். அதோடு, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி அடுக்கில் இடுகிறார். அடுக்கு என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் போல. ஃபோட்டோஷாப்பில் இந்த வசதி 1994இல் மூன்றாம் பதிப்போடு வந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் தனியே ஒரு ஒபாஸிட்டி எண். வரைந்து முடித்து ஒரு வாரம் கழித்தும் நாற்பதைப் பதினைந்தாக்கலாம், மறுநாள் எழுபதாக்கலாம். நிறம் இட்ட கை அப்போது அங்கு இல்லை. இடும்போது என்ன நினைத்தோம் என்பதும் நினைவில் இல்லை. ஆயினும் அந்தச் செயலின் வலுவை மாற்றியமைக்க முடிகிறது.

இது எனக்கு உவப்பாயில்லை என்று சொன்னேன். செயலைச் செய்துவிட்டு அதன் கனத்தைப் பிற்பாடு குறைத்துக்கொள்வது, சொன்னதைச் சொல்லவில்லை என்பதற்குச் சமம் அல்லவா? நண்பர் சிரித்தார். “நீங்க எழுதறப்போ ‘எனலாம்’, ‘போலும்’, ‘என்று தோன்றுகிறது’னு போடறீங்களே, அதெல்லாம் என்னவாம்?”

அவர் கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் என் ஆட்சேபணையையே சோதிக்க வேண்டியிருக்கிறது. செய்ததைப் பிற்பாடு மங்கவைப்பது தன்னளவிலேயே தவறு என்றால், கலைவரலாற்றில் ஒரு முக்கியமான காரியத்தை நான் நிராகரிக்க வேண்டியிருக்கும்.

1903இல் யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்ஸோ என்ற இரண்டு ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தா வந்தார்கள். கோட்டை விட்டுவிட்டு நிறத்தைப் புகைமூட்டமாகப் பரவவிடும் அவர்களுடைய பாணியை ஜப்பானில் விமர்சகர்கள் ‘மோரோதாய்’ என்று ஏளனம் செய்துகொண்டிருந்தார்கள். தெளிவற்ற மூட்டம் என்கிற அர்த்தத்தில் வந்த வசை அது. வசையே பின்னால் அந்தப் பாணிக்குப் பெயராக நிலைத்துவிட்டது. தைகான் வேலை செய்வதைப் பார்த்த அபனீந்திரநாத் தாகூர் அதிலிருந்து தமக்கென ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார். நீர்வண்ணத்தில் வரைந்த சித்திரத்தை, தாளோடு நீரில் அமிழ்த்தி எடுப்பது; காயவைத்து மேலும் வரைவது; மறுபடி அமிழ்த்துவது. வங்காளப் பள்ளியின் ‘வாஷ்’ ஓவியங்கள் அப்படிப் பிறந்தவை.

இதுவும் செய்துவிட்டுப் பிறகு அடர்த்தியைக் குறைப்பதுதான். என் நண்பர் அடுக்கின் எண்ணைக் குறைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு வித்தியாசங்கள் தெரிகின்றன. முதலாவது, நீரில் போன நிறம் திரும்பி வராது. இரண்டாவது, எது போகும் எது தங்கும் என்பதை அபனீந்திரநாத் மட்டும் தீர்மானிக்கவில்லை; நீரும் தாளும் சேர்ந்து தீர்மானித்தன. தன் செயலைத் தன்னுடையது அல்லாத ஒன்றின் தீர்ப்புக்கு அவர் ஒப்புக்கொடுத்தார். மங்கியது அவருடைய நிறம்; அவருடைய பொறுப்பு மங்கவில்லை.

ஆகவே பிற்பாடு குறைப்பதை நான் குற்றமாகச் சொல்வதற்கில்லை. யாரிடமும் எதையும் ஒப்புக்கொடுக்காமல் குறைப்பதும், எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்ற உத்தரவாதத்தோடு குறைப்பதுமே கேள்விக்குரியவை.

4

இதன் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒளிபுகும்படி இடுவது அடக்கம், அடியில் இருப்பதற்குக் காட்டும் மரியாதை. முற்றாக மறைப்பது ஆணவம், அழிப்பு. இப்படி ஒரு எண்ணம் சாதுவாக நம்மிடம் உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மைதானா?

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய இருண்ட உள்வழியின் சுவர்களில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அதற்கடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். பழைய சித்திரத்தின் மேல் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் சுண்ணச்சாந்து பூசித் தங்கள் சித்திரத்தை வரைந்திருக்கிறார்கள். நூறு சதவிகித ஒபாஸிட்டி. கீழே இருந்தது எவர் கண்ணுக்கும் தெரியாமல் போயிற்று. பிற்காலத்தில் தொல்பொருள் ஆய்வுத் துறை மேலடுக்கைச் சேதமில்லாமல் பெயர்த்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தும் முறையைக் கையாண்டது. சோழ ஓவியம் சுவரில் வெளிப்பட்டது. நாயக்க ஓவியம் பலகையில் நிலைத்தது.

நாயக்கர் காலத்து ஓவியன் பழைய சித்திரத்துக்கு ‘மரியாதை’ காட்ட எண்ணி, சாந்து பூசாமல், அதன் மேலேயே முப்பது சதவிகித மெல்லிய நிறத்தில் தன் சித்திரத்தை இட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டும் கலந்து, எதுவும் எதுவாகவும் இல்லாத ஒரு கலங்கல் சுவரில் இருந்திருக்கும். பிரித்தெடுக்க எந்த ரசாயனமும் உதவியிராது. அவன் முழுதாக மறைத்தான். முழுதாக மறைத்ததால் இரண்டும் தத்தம் முழுமையோடு பிழைத்தன.

அவன் காப்பாற்ற எண்ணி மறைத்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நோக்கம் அவனுக்கு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நான் சொல்வது, மென்மையாக இடுவதே மரியாதை என்ற சமன்பாடு செல்லாது என்பது. திரையிலும் இதே கதைதான். ஒரே அடுக்கில் முப்பது சதவிகிதத்தில் ஒரு வீச்சு இட்டுக் கோப்பைச் சேமித்து மூடிவிட்டால், அடியில் இருந்த எண்ணும் போயிற்று, மேலே வந்த எண்ணும் தனியாக இல்லை. மெல்லிய தொடுகை என்று நாம் நினைத்தது இரண்டையுமே அழித்திருக்கிறது. சாதுவான குரலில் பேசுகிறவர்கள் அதிகம் அழிப்பதில்லை என்று யார் சொன்னது?

5

எண்ணில் தார்மிகம் இல்லை. முப்பதில் அடக்கமும் இல்லை, நூறில் ஆணவமும் இல்லை. அப்படியானால் எதில் இருக்கிறது? இதற்கு விடை தேடும்போது, இந்த எண்ணைக் கண்டுபிடித்தவர்களின் கணக்கே எனக்கு உதவியது.

இந்த எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயர். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் ஆல்வி ரே ஸ்மித், எட் காட்மல் இருவரும் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நிறத்தோடு இதையும் சேர்த்து வைக்கும் முறையை உண்டாக்கினார்கள். 1984இல் லூகாஸ்ஃபிலிமைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் ஒரு படத்தை இன்னொரு படத்தின் மேல் வைப்பதற்கான முழு இயற்கணிதத்தையும் எழுதினார்கள். இன்று உலகத்தின் எல்லாத் திரைகளிலும் எல்லா நிழல்களும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

அவர்களுக்கு வேண்டியிருந்தது வண்ணம் தீட்டும் தூரிகை அல்ல. திரைப்படத்தில் ஒரு பிம்பத்தை வேறொரு பின்னணியில் பிசிறில்லாமல் பொருத்தும் வழி. பொருளின் விளிம்பு ஒரு புள்ளியின் நடுவே ஓடினால் அந்தப் புள்ளியில் பாதி பொருள், பாதி பின்னணி. ஆக ஆல்ஃபா என்பது ஒரு புள்ளியின் பரப்பில் எத்தனை பங்கை இது மூடியிருக்கிறது என்கிற அளவு. கறாராகச் சொன்னால், மூடிய பங்கில் முழுமையாக மூடியிருக்கிறது. மூடாத பங்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் பாதி மூடிய புள்ளியும், முழுதும் பாதி ஒளிபுகும் புள்ளியும் கணக்கில் ஒரே எண்ணாகவே வரும். இயந்திரம் இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

கொசுவலையும் புகைபடிந்த கண்ணாடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பின்னால் இருப்பது பாதிதான் தெரிகிறது. கண்ணாடி எல்லா இடத்திலும் கொஞ்சம் மறைக்கிறது. வலையின் இழை, இருக்கிற இடத்தில் முற்றாக மறைக்கிறது. இல்லாத இடத்தில் முற்றாக விட்டுக்கொடுக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. அருகில் போனால் அவை இரண்டு வேறு குணங்கள்.

தனக்குத் தெரிந்த இடத்தில் முழுதாகச் சொல்லி, தெரியாத இடத்தில் வாய்மூடியிருப்பவனும், எல்லாவற்றைப் பற்றியும் பாதி சொல்லிக்கொண்டிருப்பவனும் ஆல்ஃபா கணக்கில் சமம். வாழ்க்கையில் சமம் அல்ல. முன்னவனிடம் நாம் சண்டை போடலாம், ஏனெனில் அவனிடம் இழை இருக்கிறது, பிடித்து இழுக்க முடியும். பின்னவனிடம் பிடிப்பதற்கு எதுவும் இல்லை.

வில்லியம் எம்ப்ஸன் 1930இல் வெளியிட்ட பல்பொருள் பற்றிய நூலில் ஏழாவது வகையாக, ஆசிரிய மனத்தின் ஆதாரமான பிளவைக் காட்டும் முரண்பட்ட இரு பொருள்களைச் சொல்கிறார். கல்லூரியில் அதைப் பரீட்சைக்காகப் படித்தபோது, கவிதைக்குத் தெளிவின்மை நல்லது என்கிற மேலோட்டமான பாடமே பலருக்கும் மிஞ்சியது. ஆனால் அங்கே பேசப்படுவது மங்கலான ஒரு பொருள் அல்ல. முழு வலுவோடு மோதும் இரண்டு பொருள்கள். இரண்டு நூறுகள். புதுக்கவிதையின் இருண்மை என்று நம்மிடையே வெகுகாலம் புகாராகவும் பெருமையாகவும் பேசப்பட்டதிலும் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. அடர்ந்த இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெய்யப்பட்டதால் இருண்ட கவிதை ஒன்று. இருபது சதவிகிதத்தில் எதையோ தடவிவிட்டு, வாசகன் தன் இருட்டை அதில் கண்டுகொள்ளட்டும் என்று விட்ட கவிதை இன்னொன்று. தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதை இரண்டாவது வகைக்காரர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். வித்தியாசத்தைச் சொல்ல வேண்டிய விமர்சகன், தானும் இருபதில் பேசியதால், சொல்லவில்லை.

6

நான் பிழைப்புக்காகச் செய்யும் வேலையில் இந்தக் கேள்வி எப்போதோ தீர்க்கப்பட்டுவிட்டது. வங்கிப் பேரேட்டில் கையால் எழுதிய காலத்தில், தவறான தொகையைச் சுரண்டுவதோ வெள்ளை மை பூசுவதோ கூடாது. ஒற்றைக் கோடு கிழித்து, மேலே சரியான தொகையை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும். புதிய எண் சந்தேகமின்றி இருக்க வேண்டும். மாற்றியது யார் என்பது தெரிய வேண்டும். கணிப்பொறி வந்த பிறகும் பதிவான கணக்கை அழிக்க வழியில்லை. எதிர்ப்பதிவு போடுகிறோம். வரவு வைத்தது வரவாகவே நிற்க, அதற்கு நேராகப் பற்று எழுதப்படுகிறது. நிகரத்தொகை சுழியம், இரண்டு பதிவுகளும் நூறு சதவிகிதம். காசோலை விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் 2010ஆம் வருஷத்துத் தரவிதி இன்னும் கறார்: பெயரிலோ தொகையிலோ திருத்தம் இருந்தால் ஒப்பம் இட்டாலும் செல்லாது, வேறு காசோலைதான் எழுத வேண்டும்.

குமாஸ்தாவின் ஒழுக்கத்தைக் கலைஞன் மீது சுமத்துகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். சுமத்தவில்லை. சித்திரத்துக்குத் தணிக்கையாளர் தேவையில்லை. தவறிப்போகவும் அழிக்கவும் மறுபடி தொடங்கவும் வரைபவனுக்கு இருக்கிற சுதந்திரம் கணக்கெழுதுபவனுக்கு இல்லை, இருக்கவும் கூடாது. தாளும் வண்ணமும் வாங்க வசதியில்லாத எத்தனையோ பிள்ளைகள் இன்று ஒரு பழைய கணிப்பொறியில், இலவசமாகக் கிடைக்கும் கிருத்தா போன்ற நிரலில், குறைந்த அடர்த்தியில் தடவித் தடவி நிறத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தயக்கத்தைப் பரிகாசம் செய்ய எனக்கு உரிமையில்லை. கற்கிறவனின் தயக்கம் கைப்பிடி. தேர்ந்தவனின் தயக்கம் பல சமயம் ஒளிவிடம். என் பேச்சு இரண்டாமவனைப் பற்றியது.

பேரேட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே: பழையது தெரியும்படி விடுவதும் புதியதை அழுத்தமாகச் சொல்வதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. கோடு கிழித்தவன் இரண்டையும் செய்கிறான். கீழே இருப்பதற்கு நியாயம் செய்ய, மேலே இருப்பதை வலுவிழக்கச் செய்ய வேண்டியதில்லை.

7

இப்போது நண்பரின் கேள்வி. ‘எனலாம்’, ‘போலும்’, ‘என்று தோன்றுகிறது’. அவை நம் விமர்சன மொழி முழுவதிலும் பரவியவை. அவருடைய கேள்வி ஒருவனுக்கானது அல்ல.

இந்தச் சொற்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. சில சமயம் அவை பொருளைப் பற்றிய செய்தி: சான்று இவ்வளவுதான் இருக்கிறது, இதற்கு மேல் என்னால் போக முடியவில்லை, அடியில் இருப்பது தெரியட்டும் என்று விடுகிறேன். அப்போது ‘போலும்’ என்பதே ஒரு நூறு சதவிகிதக் கூற்று. என் ஐயத்தை ஐயமின்றிச் சொல்கிறேன். வேறு சில சமயம் அவை என்னைப் பற்றிய முன்னேற்பாடு: நாளைக்கு யாராவது மறுத்தால், நான் அப்படி உறுதியாகச் சொல்லவில்லையே என்று பின்வாங்க ஒரு கதவு. எழுத்தில் இரண்டும் ஒரே சொல்தான். எழுதுகிறவனுக்கு மட்டும் எது எது என்று தெரியும். இயந்திரம் வேறுபடுத்தாத இடத்தில் மனச்சாட்சி வேறுபடுத்தியாக வேண்டும்.

நம் போன்ற சிறிய வட்டத்தில் இது இன்னும் கூர்மையான பிரச்னை. எழுதுகிறவனும் எழுதப்படுகிறவனும் மறுவாரம் ஒரே டீக்கடையில் உட்கார வேண்டியவர்கள். நண்பனின் கவிதைத் தொகுதி பற்றி இருபது சதவிகிதத்தில் நாலு பக்கம் எழுதிவிட்டால் நட்பும் கெடாது, விமர்சனமும் செய்தாயிற்று. ஆனால் அந்த நண்பன் தன் அடுத்த தொகுதியை எழுத உட்காரும்போது அவன் கையில் என்ன இருக்கும்? பிடித்துக்கொள்ளவோ உதறவோ ஒரு இழைகூட இல்லை. அவனை நாம் தாக்கவில்லை; தனியாக விட்டுவிட்டோம்.

கதவு திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையும் பொய் என்பதை வண்ணம் தீட்டும் நிரலே காட்டித் தருகிறது. எத்தனை அடுக்குகள், எத்தனை சதவிகிதங்கள் வைத்திருந்தாலும், படம் கண்ணுக்குத் தெரியவேண்டுமானால் எல்லா அடுக்குகளையும் கூட்டி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு நிறத்தைக் கணக்கிட்டாக வேண்டும். திரையின் புள்ளிக்கு ஒளிபுகும் தன்மை கிடையாது. அது ஒரு நிறத்தை வெளியிடுகிறது, அவ்வளவுதான். முப்பது சதவிகித நீலம் என்று திரையில் எதுவும் இல்லை. முப்பது சதவிகித நீலமாகத் தோற்றமளிக்கும் முழுமையான வேறொரு நிறம் இருக்கிறது. படத்தை ஜேபெக் கோப்பாக அனுப்பினால் ஆல்ஃபா அதில் ஏறாது. அச்சுக்குப் போனால் தாளில் மை விழுகிறது. விழுந்த மையை யாரும் இறக்கி வைக்க முடியாது.

ஒளிபுகும் தன்மை வரைபவனின் அறைக்குள் மட்டும் இருக்கிறது. வெளியே வருவது எப்போதும் நூறு.

வாசகனிடமும் அப்படித்தான் போய்ச் சேருகிறது. நான் பத்து ‘எனலாம்’ போட்டு எழுதிய அபிப்பிராயத்தை அவன், “இன்னாருக்கு அந்த நாவல் பிடிக்கவில்லை” என்று ஒரே வரியில் எடுத்துக்கொண்டு போகிறான். அவன் அநியாயம் செய்யவில்லை. அடுக்குகளைக் கூட்டி ஒரு நிறம் கண்டுகொண்டான். கூட்டும் வேலையை நான் செய்யாமல் அவன் தலையில் கட்டியதால், விடை என்னுடையது அல்ல என்று ஆகிவிடாது.

ஆகவே அந்தச் சிறு எண்ணைப் பற்றி நான் எட்டிய முடிவு இது. ஒபாஸிட்டி என்பது என் நம்பிக்கையின் அளவு அல்ல. எனக்கும் எனக்கு முன்பே அங்கு இருந்ததற்கும் உள்ள உறவின் அளவு. அடியில் இருக்கும் கோடு தெரியவேண்டியது, அது இல்லாமல் என் நிறத்துக்கு அர்த்தமில்லை என்பதற்காக முப்பதில் இட்டால், அந்த முப்பது உறுதியான முப்பது. நான் இட்டது அதிகம் தெரியக்கூடாது என்பதற்காக முப்பதில் இட்டால், அது கோழைத்தனம். கீழே இருப்பதன் பெயரைச் சொல்லி அதன் முதுகுக்குப் பின் ஒளிந்துகொள்ளும் கோழைத்தனம். எண் ஒன்றுதான். இரண்டில் எது என்று கேட்க வேண்டிய நேரம், விசையைத் தட்டுவதற்கு முந்தைய கணம். அந்தக் கணத்துக்கு அடுக்குகள் கிடையாது.